காற்றுத் தீவில் ஒரு சுற்று

கேள்வி: தினமும் செம்பாக்கம் ஏரிக்கரையில் நடக்கிறேன். கடலை ஒட்டியே ஒரு தீவை முழுசாகச் சுற்றி வர ஆசை. எங்கே போகலாம்?
– வாசகர், அஸ்தினாபுரம்

பதில்: பாஸ்போர்ட் இருக்கிறதா? இருந்தால் இலங்கையின் நெடுந்தீவு. உங்களுக்கு மீனம்பாக்கம் பக்கம்தானே. விமானம் ஏறி பலாலியில் இறங்கி யாழ்ப்பாணம் போங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் படகு. தீவின் நீளம் ஏறக்குறைய 8 கி.மீ. கரையோரமாகச் சுற்றினால் 20 கி.மீ.யைத் தாண்டும். ஓரிரவு தங்கி நடப்பதே புத்திசாலித்தனம். திரும்பும் படகு உங்களுக்காகக் காத்திருக்காது.

மேடு பள்ளம் இல்லை. வெட்டவெளி, பனைமரம், ஓயாத காற்று. வேலியெல்லாம் பவளக்கல், சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கியவை. குனிந்து பாருங்கள், ஒவ்வொரு கல்லிலும் தேனடை மாதிரிப் பொடிக்குழிகள். டச்சுக் கோட்டையும் அதே கல்தான். வெளிகளில் கட்டைக் குதிரைகள் தன்பாட்டில் மேயும். செல்ஃபிக்காக நெருங்க வேண்டாம், உதைக்கும். நிழலுக்குப் பெருக்கமரம் உண்டு, ஆனால் வழியெல்லாம் அல்ல.

பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். மே மாதத்துக்குப் பிறகு சோளகக் காற்றில் (தென்மேற்குப் பருவக்காற்று) படகு ஆடுகிற ஆட்டம் எல்லா வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. நல்ல தண்ணீர் அங்கே அருமை. ஆளுக்கு 3 லிட்டராவது கையோடு கொண்டுபோங்கள்.