ஓரக்கல்லில் இடித்த கார்

கொல்கத்தாவின் தென்பகுதியில் அலிப்பூர் இருக்கிறது. 1876-இல் திறந்த மிருகக்காட்சிச் சாலை அங்கே உண்டு. தேசிய நூலகமும் அங்கேதான். இந்தச் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய கார் அம்பாசடர். அது பிறந்த இடமும் பக்கத்தில்தான். கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை அதைச் செய்தது. 2014 மே மாதம் அங்கே வேலை நின்றது. 15 ஆண்டுக்கு மேற்பட்ட வாடகை வண்டிகள் நகரில் ஓடக் கூடாது என்று 2008-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் மஞ்சள் டாக்சிகள் குறைந்துவிட்டன. ஆனாலும் சொந்த வண்டியாக அம்பாசடர் வைத்திருப்பவர்கள் அங்கேயும் உண்டு, நம் ஊரிலும் உண்டு.

அலிப்பூரில் மழை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மழைதான் ஆபத்து. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும். முன்னால் ஒருவர் குறுக்கே வருகிறார். டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். சக்கரம் சுழலாமல் நின்றுவிடுகிறது. சுழலாத சக்கரம் ஸ்டீயரிங்கின் பேச்சைக் கேட்காது. வண்டி பக்கவாட்டில் சறுக்கிப் போய் நடைபாதையின் ஓரக்கல்லில் 'டொக்' என்று இடிக்கிறது.

யாருக்கும் அடியில்லை. கதவில் கீறல்கூட இல்லை. "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லி வண்டியை எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

சக்கரம் மேலும் கீழும் குதிப்பதைத் தாங்கத்தான் வண்டியின் அடியில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கின்றன. பள்ளத்தில் விழுந்தால் அவை தாங்கும். பக்கவாட்டில் அடி விழுந்தால் தாங்க ஆள் இல்லை. டயரில் விழுந்த அடி ரிம்முக்குப் போகும். அங்கிருந்து பேரிங்குக்கு, பிறகு சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளுக்கு, டை ராடுக்கு. டை ராடு என்பது ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி. அது விரல் பருமன்தான் இருக்கும். வண்டி திரும்புவது அந்தக் கம்பியால்தான். அது கழன்றால் ஸ்டீயரிங் கையில் இருக்கும். சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். பழைய வண்டியில் துருவும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் டயரைப் பாருங்கள். ஓரக்கல்லில் பூசிய வண்ணம் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது? அங்கேதான் அடி. டயரின் பக்கத்தில் கொப்புளம் போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயர் இன்றைக்கு ஓடும், நாளைக்கு நெடுஞ்சாலையில் வெடிக்கும். கழற்றிவிடுங்கள். பிரேக் குழாயில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

பிறகு ஒரு அளவு நாடா எடுங்கள். தையல்காரர் நாடா போதும். முன்சக்கரத்தை நேராக வையுங்கள். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை அளந்து பாருங்கள். அம்பாசடரில் இது 97 அங்குலம். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை அளந்து, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் விரல் அகலம் குறைந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது பின் அச்சு நகர்ந்திருக்கிறது.

பின் அச்சு எப்படி நகரும்? அம்பாசடரின் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அடியில் முறிந்தால் அச்சு இடம் மாறிவிடும். அப்புறம் வண்டி நண்டு போல ஓரமாக நடக்கும். ஈரத் தரையில் நேராக ஓட்டி, இறங்கி, தடத்தைப் பாருங்கள். முன்சக்கரத் தடமும் பின்சக்கரத் தடமும் ஒரு பக்கமாக விலகியிருந்தால் தெரிந்துவிடும்.

அடுத்து ஜாக்கி. பின்சக்கரத்துக்கு அடை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். செங்கல்லும் வேண்டாம், நொறுங்கிவிடும்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கிறதா? ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின் போன்ற மூட்டில். பேரிங்குக்குப் பணம் கொடுத்தபின் மூட்டுதான் குறை என்று தெரிந்தால் யாருக்கு நஷ்டம்? இந்த ஒரு மிதி அதைத் தடுக்கும்.

இப்போது இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடின் முனையைச் சந்தேகப்படுங்கள். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் இறுகினால் உள்ளே பல் தண்டு வளைந்திருக்கலாம்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்கட்டியை அசையாமல் பிடியுங்கள். ரிம் கோணல் என்றால் ஓர் இடத்தில் மட்டும் கோடு விழும். ஸ்டெப்னியை மாட்டிச் சுற்றுங்கள். கோணல் போய்விட்டால் ரிம்தான் கெட்டது. போகாவிட்டால் அதற்கு உள்ளே வளைந்திருக்கிறது.

பட்டறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"தம்பி, வண்டி ஒரு பக்கம் இழுக்குது. அலைன்மென்ட் மட்டும் பண்ணிக் கொடு. சவாரி போகணும்."

"அண்ணே, டை ராடு வளைஞ்சிருக்கு. அதை வச்சுக்கிட்டே திருகினா வண்டி நேராத்தான் ஓடும். ஆனா வளைஞ்சது உள்ளேயே இருக்கும். எப்ப முறியும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

அந்தத் தம்பி சொல்வதுதான் சரி. ஒரு நாள் சவாரி போனால் வயிறு காயும் என்பதும் உண்மைதான். இருந்தாலும் கெட்டதை மாற்றிவிட்டுத்தான் அலைன்மென்ட். வளைந்த டை ராடை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கொல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை என்று பழைய சாமான் கிடைக்கும் இடங்கள் உண்டு. ரிம் பழையது வாங்கலாம், சுற்றிப் பார்த்து. டை ராடு புதியதுதான் வாங்க வேண்டும்.

அலைன்மென்ட் முடிந்ததும் ஒரு தாள் தருவார்கள். ஆங்கிலத்தில் இருந்தால் பயப்படாதீர்கள். எண்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். கேம்பர் என்பது சக்கரத்தின் சாய்வு. பழைய வண்டிகள் பலவற்றில் அதைத் திருகி மாற்ற முடியாது. இடது எண்ணும் வலது எண்ணும் மிகவும் வேறாக இருந்தால் "ஏன்?" என்று கேளுங்கள்.

பில்லில் எந்தச் சாமான், இடதா வலதா, புதிதா பழையதா என்று எழுதச் சொல்லுங்கள். கழற்றிய கம்பியையும் கேட்டு வாங்குங்கள். முனைகளைக் கழற்றிவிட்டு, சிமெண்டுத் தரையில் அதை உருட்டிப் பாருங்கள். நேரான கம்பி சீராக உருளும். வளைந்தது துள்ளித் துள்ளி உருளும்.