தனி முகவரியும் சார்பு முகவரியும்: இணைப்பான் செய்யும் வேலை

(செய்நிரலாக்க அலகுடன் சேர்த்துப் படிக்குக)

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• தனி முகவரி, சார்பு முகவரி என்பவற்றை வேறுபடுத்துவீர்கள்.
• இணைக்கப்பட்ட நிரலில் ஒரு குறியீட்டின் இறுதி முகவரியைக் கணிப்பீர்கள்.
• லிங்கர் ஸ்கிரிப்டில் புள்ளி எதனைக் குறிக்கின்றது என விளக்குவீர்கள்.

1. அறிமுகம்

உங்கள் வகுப்பு மேசைகளைப் பரீட்சை மண்டபத்துக்குத் தூக்கிச் செல்கின்றீர்கள் எனக் கொள்க. வரிசை மாறவில்லை. "எனக்கு முன்னால் இரண்டாவது மேசை" என்று நீங்கள் சொன்னது மண்டபத்திலும் சரியாகவே இருக்கும். "யன்னலோரத்து முதல் மேசை" என்று சொன்னது பிழையாகிவிடலாம். ஏனெனில் மேசைகள் இடம் மாறின; யன்னல் மாறவில்லை.

முதலாவது, இன்னொன்றிலிருந்து அளந்து சொல்லப்பட்டது. இது சார்பு முகவரி. இரண்டாவது, அசையாத ஓர் இடத்தைக் குறித்தது. இது தனி முகவரி. விரிதாளில் டொலர் குறி இடாத கல முகவரிக்கும் டொலர் குறி இட்ட கல முகவரிக்கும் இடையில் நீங்கள் கற்ற வேறுபாடும் இத்தகையதே.

2. இணைப்பானின் தேவை

பெரிய நிரல் ஒன்று பல கோப்புகளாக எழுதப்படும். தொகுப்பான் அவற்றைத் தனித்தனியே இலக்குக் கோப்புகளாக மாற்றும். ஒவ்வொரு கோப்பும் நினைவகத்தில் எங்கே அமரும் எனத் தொகுப்பானுக்குத் தெரியாது. எனவே அது ஒவ்வொரு கோப்பின் பகுதியையும் 0 இலிருந்து எண்ணி வைக்கும். இக்கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முகவரிகளைத் திருத்தி, ஒரே நிரலாக்குவது இணைப்பான், அதாவது லிங்கர் ஆகும்.

உதாரணம் 1
முதற் கோப்பு 120 பைற்று; இரண்டாங் கோப்பு 60 பைற்று. இரண்டாங் கோப்பின் 20 ஆம் இடத்தில் "கூட்டு" என்னும் செயற்கூறு உள்ளது. முதற் கோப்பின் 40 ஆம் இடத்திலுள்ள அறிவுறுத்தல் அதனை அழைக்கின்றது. முழுப் பகுதியும் 1000 இல் தொடங்குகின்றது.

"கூட்டு" இன் முகவரி = 1000 + 120 + 20 = 1140
அறிவுறுத்தலின் முகவரி = 1000 + 40 = 1040
இரண்டுக்கும் இடையிலான தூரம் = 1140 − 1040 = 100

இப்போது பகுதியை 5000 இற்கு நகர்த்துவோம். "கூட்டு" 5140 இலும் அறிவுறுத்தல் 5040 இலும் இருக்கும். தூரம் 100 ஆகவே உள்ளது. அறிவுறுத்தலில் 1140 என்று எழுதியிருந்தால் அதனைத் திருத்த வேண்டும். 100 என்று எழுதியிருந்தால் திருத்தத் தேவையில்லை.

நினைவிற் கொள்க: அழைப்பதும் அழைக்கப்படுவதும் சேர்ந்து நகருமாயின் சார்பு முகவரி மாறாது. அழைக்கப்படுவது அசையாதிருந்தால் தனி முகவரி மாறாது. எனவே முகவரியைக் கண்டவுடன், "எங்கிருந்து அளக்கப்பட்டது? எது நகரும்?" எனக் கேளுங்கள்.

குறிப்பு: இங்கு தூரத்தை அறிவுறுத்தலின் தொடக்கத்திலிருந்து அளந்தோம். பல செயலிகள் அடுத்த அறிவுறுத்தலிலிருந்து அளக்கும்.

3. லிங்கர் ஸ்கிரிப்டும் புள்ளியும்

எந்தப் பகுதி எங்கே அமர வேண்டும் என இணைப்பானுக்குக் கூறும் கோப்பே லிங்கர் ஸ்கிரிப்ட். குனூ இணைப்பானின் ஸ்கிரிப்டில் "." என்னும் தனிப் புள்ளி, "இப்போது நிற்கும் இடம்" என்பதைக் குறிக்கும். விளங்குவதற்காகப் பெயர்களைத் தமிழில் தருகின்றோம்.

. = 1000
பகுதி
{
முதற் கோப்பு
இரண்டாங் கோப்பு
. = 200
முடிவு = .
}

அடைப்புக்கு வெளியே உள்ள 1000 தனி முகவரியாகும். அடைப்புக்கு உள்ளே உள்ள 200 அவ்வாறானதன்று. அது அப்பகுதியின் தொடக்கத்திலிருந்து அளந்த தூரம். எனவே,

"முடிவு" இன் முகவரி = 1000 + 200 = 1200
கோப்புகள் நிரப்பியது = 120 + 60 = 180 பைற்று
இடையில் விடப்பட்ட இடைவெளி = 200 − 180 = 20 பைற்று

"முடிவு" என்னும் குறியீடு அப்பகுதியைச் சார்ந்தது. நிரலை ஏற்றும்போது பகுதி 4000 இடம் தள்ளி ஏற்றப்பட்டால் அது 5200 ஆகும். அதே குறியீட்டை "அப்சலூட்" என்னும் செயற்கூற்றினால் தனி முகவரியாக்கினால், அது 1200 ஆகவே நின்றுவிடும். இணைக்கும்போது இரண்டும் 1200 தான். வேறுபாடு நகர்த்தும்போதே வெளிப்படும். பிழைகள் மறைந்திருப்பதும் இதனாலேயே.

4. தனி முகவரி கட்டாயமான இடம்

ஆர்டுயினோ ஊனோ ஆர் 3 பலகையில் ஏட்மெகா 328 பி நுண்கட்டுப்படுத்தி உள்ளது. அதன் 2048 பைற்று உள்ளக நினைவகம் 256 முதல் 2303 வரையான முகவரிகளில் உள்ளது. 13 ஆம் முனையின் ஒளிகாலும் இருவாயியை இயக்கும் பதிவகம், தரவு முகவரி 37 இல் உள்ளது. இது சில்லிலேயே அமைந்த இடம். எந்த நிரலாலும் நகர்த்த முடியாது.

இந்த 37 ஐச் சார்பு முகவரி எனப் பிழையாகக் கொண்டு தரவுப் பகுதியின் தொடக்கமான 256 ஐக் கூட்டினால் 293 கிடைக்கும். அது நினைவகத்தின் உள்ளே இருக்கும் ஓரிடம். விளக்கு எரியாது; அங்குள்ள ஒரு மாறியின் பெறுமானமும் அழிந்துவிடலாம். செயலி எந்தப் பிழைச் செய்தியும் தராது.

சார்பு முகவரிக்கும் ஓர் எல்லை உண்டு. இந்நுண்கட்டுப்படுத்தியின் சார்புத் தாவல் அறிவுறுத்தல், −2048 முதல் +2047 சொற்கள் வரையே தாவும் (1 சொல் = 2 பைற்று). அதற்கு அப்பால் செல்ல, இரு சொல் நீளமான தனி முகவரித் தாவலைப் பயன்படுத்த வேண்டும்.

5. பயிற்சி

முதற் கோப்பு 80 பைற்று, இரண்டாங் கோப்பு 50 பைற்று. பகுதி 2000 இல் தொடங்குகின்றது. "மொத்தம்" என்னும் குறியீடு இரண்டாங் கோப்பின் 6 ஆம் இடத்தில் உள்ளது.

(அ) "மொத்தம்" இன் இறுதி முகவரி யாது?
(ஆ) முதற் கோப்பின் 30 ஆம் இடத்திலிருந்து "மொத்தம்" வரையான தூரம் யாது? பகுதி 3000 இற்கு நகர்ந்தால் இத்தூரம் மாறுமா?
(இ) பகுதி 3000 இல் தொடங்கும்போது, இரு கோப்புகளின் பின்னர் அடைப்பினுள் ". = 150" என எழுதினால் புள்ளியின் முகவரியும் இடைவெளியும் யாவை?
(ஈ) பகுதி நகர்ந்த பின்னர் 37 இல் உள்ள பதிவகத்தின் முகவரி யாது? காரணம் தருக.

விடைகள்
(அ) 2000 + 80 + 6 = 2086
(ஆ) 86 − 30 = 56; மாறாது. இரண்டும் சேர்ந்து நகர்கின்றன.
(இ) 3000 + 150 = 3150; இடைவெளி 150 − 130 = 20 பைற்று
(ஈ) 37. பதிவகம் வன்பொருளில் நிலையாக உள்ளது. அது பகுதியைச் சார்ந்ததன்று.

(இ) இற்கு 150 என விடை எழுதியிருந்தால் பகுதி 3 ஐ மீண்டும் வாசியுங்கள். அடைப்பின் உள்ளே புள்ளிக்குக் கொடுக்கும் எண் தூரம். வெளியே கொடுக்கும் எண் இடம்.