நகை வாங்கப் போறோமா? கல்லுக்குத் தங்க விலை கொடுக்காதீங்க!

(குழுக் கூட்டத்தில் வாசித்துக் கலந்து பேசுவதற்கான பாடம்)



நமக்கு நகை என்பது கழுத்துக்கும் காதுக்கும் அழகு மட்டும் இல்லை. பிள்ளைக்கு பீஸ் கட்டணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும், விதை உரம் வாங்கணும் என்றால் அவசரத்துக்குக் கை கொடுப்பது அதுதான். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்குகிறோம். ஆனால் வாங்குகிற இடத்தில் ஏமாந்தால் அன்றைக்குத் தெரியாது. அடகு வைக்கப் போகும்போதுதான் தெரியும்.

நம் கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவர் மகள் சடங்குக்குக் கல் வைத்த ஜிமிக்கி வாங்கினார். கடையில் "ஒரு பவுன்" என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். பிறகு பேங்கில் அடகு வைக்கப் போனபோது நகை மதிப்பீட்டாளர் கல்லைக் கழித்துவிட்டு, "தங்கம் 7 கிராம் 200 மில்லிதாம்மா இருக்கு" என்றார். "கடையில எட்டு கிராமுன்னுதானே சார் போட்டாங்க?" என்று கேட்டு என்ன பயன்? கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் கடைப் பெயரும் இல்லை, கல் எடையும் இல்லை.

இப்படி யாருக்கும் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

1. முத்திரையைப் பாருங்க

22 காரட் என்றால் 1000 பங்கில் 916 பங்கு தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. "916" என்று சொல்வது இதைத்தான். 18 காரட் என்றால் 750 பங்குதான்.

சுத்தத்துக்கு அரசு தரும் அடையாளம் ஹால்மார்க். இது நம் நாட்டில் 2000-இல் தொடங்கியது. 2021 ஜூன் முதல் மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கி வருகிறார்கள். இப்போதைய ஹால்மார்க்கில் மூன்று அடையாளம் இருக்கும்:

அ) முக்கோண வடிவ பி.ஐ.எஸ். முத்திரை
ஆ) காரட்டும் சுத்தமும் (22 காரட் என்றால் 916)
இ) எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. இதை எச்.யூ.ஐ.டி. என்பார்கள். ஒவ்வொரு நகைக்கும் இது தனித்தனி.

ஹால்மார்க் கட்டாயமான இடங்களில், 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. எழுத்து ரொம்பப் பொடிசாக இருக்கும். "லென்ஸ் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கூச்சம் வேண்டாம்.

வீட்டுப் பிள்ளைகளின் செல்போனில் "பி.ஐ.எஸ். கேர்" என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஆறு இலக்கத்தைப் போட்டால் அது என்ன நகை, என்ன சுத்தம் என்று காட்டும். கையில் இருப்பது செயின், செயலி மோதிரம் என்று காட்டினால் அந்த நகை வேண்டாம்.

கவனம்: 2 கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி, சிறு தோடு போன்றவற்றுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கு உட்பட்ட சிறு கடைகளுக்கும் விலக்கு உண்டு. அங்கே வாங்கினால் பில்லில் காரட் எழுதி வாங்குவது இன்னும் அவசியம். "கே.டி.எம். நகை" என்பது சுத்தத்துக்கான அரசு முத்திரை அல்ல. அது பற்றவைக்கும் முறையின் பெயர்தான்.

உங்களிடம் இருக்கும் பழைய நகைக்கு முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம். அதை விற்கலாம், மாற்றலாம்.

2. கல் எடையைக் கழிக்கச் சொல்லுங்க

மொத்த எடை வேறு, தங்கத்தின் நிகர எடை வேறு. கல், முத்து, அரக்கு எல்லாவற்றையும் கழித்தபின் வருவதுதான் நிகர எடை. தங்க விலை அதற்கு மட்டுமே. கல்லுக்குத் தனி விலை போடட்டும். அது எந்தக் கல் என்றும் கேளுங்கள். "பச்சைக் கல்லு, செவப்புக் கல்லு" என்று சொல்லி வெறும் கண்ணாடிக்கும் அதிக விலை போடுவது உண்டு. விற்கும்போது அந்தக் கல்லுக்குப் பெரும்பாலும் பைசா கிடைக்காது. பேங்கிலும் கல்லுக்குக் கடன் இல்லை.

3. சேதாரத்தைக் கணக்குப் போடுங்க

கணக்குக்காக 22 காரட் ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன ஜிமிக்கியை ஒழுங்காகக் கணக்கிட்டால்:

தங்கம் 7.200 கிராம்: 72,000 ரூபாய்
சேதாரம் 15 சதவீதம்: 10,800 ரூபாய்
கல் விலை: 1,200 ரூபாய்
கூட்டினால்: 84,000 ரூபாய்
ஜி.எஸ்.டி. 3 சதவீதம்: 2,520 ரூபாய்
ஆக மொத்தம்: 86,520 ரூபாய்

அதே நகையை அடுத்த நாளே விற்றால் அதிகபட்சம் 72,000 ரூபாய்தான் வரும். ஒரே நாளில் 14,520 ரூபாய் போச்சு! கல்லையும் தங்கமாக நிறுத்திருந்தால் இன்னொரு 8,000 ரூபாயும், அதற்கு மேல் சேதாரமும் போயிருக்கும். அதனால்தான் சேமிப்புக்காக வாங்கும்போது கல் இல்லாத, வேலைப்பாடு குறைந்த நகை நல்லது. சேதாரம் அரசு நிர்ணயித்த விலை இல்லை. பேரம் பேசலாம். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கிக் கேளுங்கள்.

4. பில் இல்லாமல் படி இறங்காதீங்க

"பில் வேண்டாம்னா வரி மிச்சம்க்கா" என்பார்கள். மிச்சம் நமக்கு இல்லை. பில்லில் இருக்க வேண்டியவை: கடைப் பெயர், தேதி, நகையின் பெயர், நிகர எடை, காரட், கல் எடையும் விலையும், சேதாரம், ஹால்மார்க் கட்டணம், வரி. அடகுச் சீட்டு, பாஸ் புத்தகம் மாதிரி இதையும் பத்திரமாக வையுங்கள்.

5. சந்தேகம் வந்தால்

பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நம் நகையை நாமே கொடுத்துச் சோதிக்கலாம். நான்கு நகை வரை 200 ரூபாய் கட்டணம் வைத்திருக்கிறார்கள். ஹால்மார்க் நகையில் முத்திரையில் சொன்னதைவிடச் சுத்தம் குறைந்திருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் கேட்க நமக்கு உரிமை உண்டு. கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் பில்தான் சாட்சி.

6. நகைச் சீட்டு கட்டுபவர்களுக்கு

சேதாரம் இல்லை என்ற பேச்சை மட்டும் நம்பி மாதாமாதம் கட்டாதீர்கள். கடை மூடிப்போனால் நம் பணம் முடங்கிவிடும். அதற்குக் குழுச் சேமிப்பிலோ தபால் அலுவலகத்திலோ போட்டுவிட்டு, சேர்ந்ததும் மொத்தமாக வாங்கலாம்.

சகோதரிகளே, நகை வாங்கத் தனியாகப் போகாமல் குழுவில் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்வி கேட்டால் கடைக்காரர் கோபிப்பாரோ என்ற தயக்கம் வேண்டாம். பணம் நம்முடையது, கேட்கிற உரிமையும் நம்முடையதுதான்.

கூட்டத்தில் பேசுவதற்கு:

* நம் குழுவில் எத்தனை பேரிடம் நகைக்குப் பில் இருக்கிறது?
* அடுத்த கூட்டத்துக்கு ஒரு பில் கொண்டுவந்து நிகர எடை, சேதாரம், கல் விலை எங்கே என்று சேர்ந்து பார்ப்போமா?
* செல்போனில் ஆறு இலக்கத்தைச் சரிபார்க்க நம்மில் யார் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லித் தருவது?