வெட்டுக்காயமா? முதலில் கழுவுங்கள்

அரிவாள் கையைக் கீறினால் காபித்தூள், கல் தடுக்கி நகம் பெயர்ந்தால் சுண்ணாம்பு, குழந்தை விழுந்து சிராய்த்துக்கொண்டால் மஞ்சள்தூள். நம் வீடுகளில் காயம் பட்டதும் எதையாவது எடுத்து அப்பிவிடத்தான் கை பரபரக்கிறது. அந்தப் பதற்றத்தில், சீழ் பிடிக்காமல் உண்மையிலேயே காக்கிற வேலை விட்டுப்போகிறது. நிறையத் தண்ணீர் விட்டு, பொறுமையாகக் காயத்தைக் கழுவுவதுதான் அது.

கழுவுவதற்கு முன் ரத்தம் நிற்க வேண்டும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நின்றுவிட்டதா என்று இடையில் துணியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். ரத்தம் பீறிட்டு அடித்தால், அழுத்தியும் நிற்காவிட்டால், பிடித்த பிடியை விடாமல் 108-க்குச் சொல்லுங்கள்.

அடுத்து, உதவி செய்பவர் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு காயத்தைக் குழாய்க்கு அடியில் காட்டி, ஐந்து முதல் பத்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர் போதும். அதில் சந்தேகம் இருந்தால் கொதிக்கவைத்து ஆறவைத்தது. குழாய் இல்லாத இடத்தில், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பாயும். அந்த வேகம்தான் மண்ணையும் கிருமியையும் அடித்துக்கொண்டு போகும். சோப்பைக் காயத்தைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் தேயுங்கள். பைக்கிலிருந்து தார்ச்சாலையில் விழுந்தவர்களின் முழங்காலில் பொடிக்கல் பதிந்திருக்கும். கழுவியும் போகாததை, ஸ்பிரிட்டில் துடைத்த இடுக்கியால் எடுங்கள். ஆழமாகக் குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்கவே கூடாது. அதை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

கிருமிநாசினியைக் காயத்துக்குள் கொட்டுவது பெரிய தவறு. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்தால் கிருமி சாகிறது என்று நம்புகிறோம். நம் ரத்தத்திலும் சதையிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பட்டாலே அது நுரைக்கும். ஸ்பிரிட்டும், தண்ணீர் கலக்காத டெட்டாலும் புதிதாக வளர்ந்துவரும் சதையையும் சேர்த்தே பொசுக்கிவிடும். காபித்தூளும் சுண்ணாம்பும் காயத்துக்குள் கெட்டியாக அடைந்துகொள்ளும். தையல் போட வேண்டிய காயமானால், மருத்துவர் அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் ஊசியைத் தொட முடியும். வரப்பில் முளைத்திருக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவது நம் ஊர்ப் பழக்கம். தழைக்கு என்ன குணம் இருந்தாலும், அதில் ஒட்டிய மண்ணும் கசக்கிய கையின் அழுக்கும் சாற்றோடு உள்ளே இறங்குமே! திறந்த காயத்தில் அது வேண்டாம்.

கழுவிய காயத்தைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, மெல்லியதாக வாசலின் தடவி, காஸ் துணியால் மூடுங்கள். “காற்றுப் பட்டால்தான் ஆறும்” என்பது சரியல்ல. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதித்தபோது, காயவிட்ட புண்ணைவிட ஈரப்பதத்தோடு மூடிவைத்த புண்ணில்தான் புதுத்தோல் வேகமாக மூடியது. கட்டைத் தினமும் ஒருமுறை மாற்றுங்கள். நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே. துணி ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள்.

வாய் பிளந்த காயம், உள்ளே கொழுப்பு தெரியும் காயம், முகத்திலோ மூட்டின் மேலோ ஆழமாகப் பட்ட காயம் இவற்றுக்குத் தையல் தேவைப்படலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் சில மணி நேரத்துக்குள் போய்விடுங்கள்.

சீமைக்கருவேல முள் ஏறியதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். வெளியே ஊசிமுனை அளவு துளைதான் தெரியும்; தண்ணீர் உள்ளே எட்டாது. காற்று புகாத அந்த ஆழம்தான் டெட்டனஸ் கிருமிக்கு வசதி. துருப்பிடித்த ஆணிக்கு மட்டுமே பயந்து பயனில்லை. அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. தடுப்பூசித் தவணைகளை முழுமையாகப் போட்டவர்களுக்கும், மண்பட்ட காயமோ ஆழக் குத்திய காயமோ ஆனால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி ஒன்று தேவை. சுத்தமான சிறு காயத்துக்கு அந்தக் கணக்கு 10 ஆண்டு. எப்போது போட்டோம் என்றே நினைவில்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைச் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாய் கடித்தாலோ நகத்தால் பிறாண்டினாலோ விதி வேறு. அங்கே காயத்துக்குள்ளும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸின் கொழுப்புறையைச் சோப்பு உடைத்துவிடும். மிளகாய்த்தூள் வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். கழுவிய கையோடு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை என்பதால் அதையும் கேளுங்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

ஆறுகிற காயத்தில் வலி நாளுக்கு நாள் குறையும். இரண்டு மூன்று நாள் கழித்து வலி கூடினால், சுற்றிலும் சிவப்புப் பரவிச் சூடாக இருந்தால், சீழோ வாடையோ வந்தால், காயத்திலிருந்து சிவப்புக் கோடு மேலேறினால், காய்ச்சல் அடித்தால், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினால், மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவும் கூடாது. உணர்ச்சி மரத்த பாதத்தில் வலி தெரியாமலே புண் எலும்புவரை போய்விடும். காலில் எவ்வளவு சிறிய காயமானாலும் அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள்.