சாரற் காலமும் மெழுகுச் சித்திரமும்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வந்ததும், தென்காசியும் குற்றாலமும் குளிர்ந்துவிடுகின்றன. அருவியில் நீராட வருவோருக்கு அது ஆனந்தம். சித்திரம் தீட்டுவோருக்கோ சோதனைக் காலம்! நாங்கள் எட்டாம் வகுப்பில் நீர்வண்ணத்தில் தீட்டிய அன்னை மரியின் படம், ஒரே சாரற் பருவத்தில் பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போயிற்று. எங்கள் வருத்தத்தைக் கண்ட ஓவிய ஆசிரியை, "நீருக்கு அஞ்சாத வண்ணம் ஒன்று பழங்காலத்திலேயே இருந்தது, அதைச் செய்து பாருங்கள்" என்றார்கள். நாங்கள் படித்ததையும் செய்து கண்டதையும் இங்கே தருகிறோம்.

தேன்மெழுகை உருக்கி, குங்கிலியம் போன்ற பிசினைச் சிறிதளவு சேர்த்து, வண்ணப்பொடி கலந்து, சூடு ஆறுமுன் மரப்பலகையில் தீட்டுவதே மெழுகுச் சித்திரம். ஒவ்வொரு பூச்சுக்கும் மீண்டும் அனல் காட்டினால், அது கீழ்ப்பூச்சோடு ஒன்றிவிடும். ஆகவேதான் 'சுட்டுப் பதித்தல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதனை 'என்காஸ்டிக்' என்கின்றனர். எகிப்தின் பயூம் பகுதியில் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை, இறந்தோரின் முகங்களை இம்முறையில் தீட்டிப் பதனிட்ட உடலின்மீது பொருத்தினார்கள். சீனாய் மலையடிவாரத்தில் உள்ள புனித கத்தரீன் மடத்தின் புகழ்பெற்ற கிறிஸ்துவின் படமும் 6ஆம் நூற்றாண்டில் மெழுகினால் தீட்டப்பட்டதே.

தேன்மெழுகு நமக்கும் புதியதன்று. பாஸ்கா மெழுகுதிரியைத் தேன்மெழுகினால் செய்வது திருச்சபையின் பழைய மரபு. பாஸ்காப் புகழுரையில் தேனீக்களின் உழைப்பும் நினைவுகூரப்படுகிறது. சுவாமிமலைச் சிற்பிகளும் தேன்மெழுகுடன் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்தே செப்புத் திருமேனிகளுக்கு முதலில் கரு அமைக்கின்றனர். நமது தேனருவியின் பெயரிலேயே தேன் இருக்கிறதே!

ஒன்பதாம் வகுப்பில் வேலையைத் தொடங்கினோம். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். நேரடி நெருப்பில் வைத்தால் தீப்பற்றக்கூடும் என்பதால், கொதிநீர்ப் பாத்திரத்தினுள் கிண்ணத்தை வைத்து ஆசிரியையே உருக்கித் தந்தார்கள்.

ஆனியில் முதற்பூச்சு உரிந்து வந்துவிட்டது. காரணம் மெழுகன்று, சாரலில் ஈரம் குடித்திருந்த பலகை! ஈர மரத்தில் மெழுகு பற்றாது. பலகையைப் பல நாள் அடுப்பங்கரை ஓரத்தில் உலர்த்திய பின்னரே வேலை நடந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அவ்வாறே செய்தோம். மார்கழியில் படத்தின்மேல் வெண்படலம் தோன்றியது. மறுபடியும் பூஞ்சையோ என்று அஞ்சினோம். மென்துணியால் துடைத்ததும் வண்ணம் பளிச்சென்று ஒளிர்ந்தது. குளிரில் மெழுகே அவ்வாறு பூக்கும் என்று அறிந்தோம். தை மாதக் காலைகளில் தூரிகை பலகையைத் தொடுமுன்னே மெழுகு உறைந்தது. வெயில் ஏறிய பின் தீட்டினோம். சித்திரையில் மேற்குச் சன்னலருகே வைத்த படம் இளகி, அன்னையின் முக்காட்டில் தூசி ஒட்டிக்கொண்டது. நீருக்கு அஞ்சாத மெழுகு வெயிலுக்கு அஞ்சுகிறது! எகிப்துப் படங்கள் நிலைத்ததற்கு மெழுகு மட்டுமன்று, அந்நாட்டு வறண்ட மணலும் காரணம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அவ்வாண்டு குற்றாலம் சித்திர சபையையும் கண்டோம். நடராசரின் ஐந்து சபைகளில் தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம். இங்கோ இறைவன் சித்திரமாகவே விளங்குகிறார். சாரல் மண்ணில் சுவரோவியத்தைக் காப்பது எத்துணைக் கடினம்! "இச்சுவர்களுக்கும் மெழுகு பூசினால் என்ன?" என்று ஆவலுடன் கேட்டோம். ஆசிரியை மறுத்துவிட்டார்கள். பலகையை உலர்த்தலாம், சுவரையோ மண்ணிலிருந்து பிரிக்க முடியாது. சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி மேற்பூச்சை அடைத்தால், உப்புப் பூத்து ஓவியமே உதிரும். அஜந்தாவில் 1920-22இல் இத்தாலிய நிபுணர்கள் நல்லெண்ணத்தோடு பூசிய அரக்குப்பூச்சு நாளடைவில் மஞ்சளித்துக் கறுத்தது. அதனைப் பின்வந்தோர் சிறிது சிறிதாக நீக்க வேண்டியதாயிற்று.

நாங்கள் தீட்டிய அன்னையின் படம் இப்போது வெயில் படாத உட்சுவரில் இருக்கிறது. அடுத்த சாரலையும் அது தாங்கியது. முக்காட்டில் ஒட்டிய தூசியை நாங்கள் நீக்கவில்லை. எங்கள் அவசரத்தை அது நினைவூட்டட்டும். பொருளின் இயல்பையும் பருவத்தின் இயல்பையும் அறியாமல் அன்பு மட்டும் கொண்டு எதையும் காத்துவிட முடியாது. தோழியரே, சித்திர சபைக்குச் செல்லும்போது சுவரைத் தொடாமலும் கிறுக்காமலும் கண்ணால் மட்டுமே கண்டு மகிழ்வோமாக! அச்சித்திரங்களுக்கு நாம் செய்யக்கூடிய முதல் தொண்டு அதுவே.