ஷீட் கூரைக்குக் கீழே எத்தனை டிகிரி?

கேள்வி: மொட்டை மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருக்கிறோம். டி.வி.யில் 38 டிகிரி என்கிறார்கள். எங்கள் அறையிலோ ராத்திரி 11 மணிக்கும் சுவர் சுடுகிறது. அம்மாவுக்கு 70 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஆபத்து எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: அந்த 38, நுங்கம்பாக்கத்திலோ மீனம்பாக்கத்திலோ காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் அளந்தது. அம்மா படுக்கும் அறையின் கணக்கு வேறு. ஈரப்பதமும் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்கி, அவர் தலைமாட்டருகே மாட்டுங்கள். பிற்பகல் 3 மணிக்கும் இரவு 11 மணிக்கும் நோட்டில் குறியுங்கள்.

இரவுக் கணக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பகலில் ஏறிய சூட்டை உடம்பு இரவில்தான் தணித்துக்கொள்ளும். வீட்டுக்குள் பகலில் 32, இரவில் 24 டிகிரிக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மே மாதச் சென்னையில் ராத்திரி வெளியிலேயே 27, 28 இருக்கும். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வையும் சீக்கிரம் காயாது. உங்கள் நோட்டில் இரவிலும் 32க்குக் குறையவில்லை என்றால், கோடை முடியும்வரை அம்மாவைக் கீழ்த்தளத்தில் தெரிந்தவர் வீட்டில் படுக்கவையுங்கள்.

அடுத்து, பகலில் அவருடன் யார் இருக்கிறார்கள்? 1995 ஜூலையில் சிகாகோ நகரில் சில நாள் வெப்பத்துக்கு 700 பேருக்கு மேல் பலியானார்கள். தனியாக இருந்த முதியவர்கள் அதில் ஏராளம். நீங்கள் வேலைக்குப் போனால், மதியம் எட்டிப்பார்க்கப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

பிரஷர் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கோடைக்கான அளவையும், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே சூடு குறையும். 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்ட மரணங்களைக் கண்ட அகமதாபாத், 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையும் அடித்தது.

பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ உடனே 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. உயிரோடு இருக்கும்போதே கூரைக்கு உதவி கேளுங்கள். அந்த நோட்டை உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்துக்கு எடுத்துப்போய், கவுன்சிலரிடம் காட்டுங்கள்.