பழங்கோலமும் புதுக்கோலமும்

கருவடிக்குப்பத்திலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் புதுவையின் பழைய நகரை அடையலாம். அந்நகரைப் பெரிய வாய்க்கால் இரு கூறாகப் பிரிக்கின்றது. கிழக்கே, கடலை அடுத்து, பிரெஞ்சியர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765 முதல் பிரெஞ்சியர் அதனை மீண்டும் எழுப்பினர். இன்று அங்கே நிற்கும் பழைய மனைகள் பெரும்பாலும் அதன் பின்னர்த் தோன்றியவையே.

பிரெஞ்சியர் மனை உயர்ந்த மதிலுக்குள் அடங்கி நிற்கும். உள்ளே தோட்டமும், வளைவுகள் அமைந்த முகப்பும், நெடிய சாளரங்களும் விளங்கும். தமிழர் மனையோ தெருவை நோக்கி முகம் மலர்ந்து நிற்கும். அதன் தாழ்வாரம் வழிப்போக்கர்க்கு நிழல் தரும். திண்ணை இளைப்பாற இடம் தரும். நாளடைவில் இவ்விரண்டும் கலந்தன. கீழ்த்தளத்தில் திண்ணையும் மரத்தூண்களும், மேல்தளத்தில் வளைவுச் சாளரங்களும் சுதை வேலைப்பாடுகளுமாகப் புதியதோர் அழகு பிறந்தது.

அவ்வழகு வெறும் ஒப்பனையன்று. செங்கற்சுவரின் பாரத்தை வளைவு இருபுறமும் பகிர்ந்தளித்தது. சாளரக் கதவின் சாய்சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விட்டன. சுவரின் மேல்விளிம்பில் அமைந்த பிதுக்கம் மழைநீர் சுவர்மீது வழியாமல் காத்தது. சுண்ணாம்புச் சாந்து சுவரில் ஏறிய ஈரத்தை வெளியேற்றியது.

பிற்காலத்தில் இக்கோலம் இருவகையாகப் புத்துயிர் பெற்றது. ஒன்று, பழைய மனைகளைப் பழுதுபார்த்துக் காத்தல். இன்டாக் என்னும் மரபுரிமை அமைப்பின் முயற்சியால் வைசியாள் வீதியின் முகப்புகள் பொலிவு பெற்றன. அப்பணி 2008-இல் யுனெஸ்கோவின் விருதையும் பெற்றது. மற்றொன்று, புதிய கட்டடங்களில் பழைய சாயலை அமைத்தல். இவற்றில் பாரத்தைத் தாங்குவது கம்பியிட்ட சிமெண்டு உத்தரம். அதன்கீழ் உள்ள வளைவு கண்ணுக்கு மட்டுமே விருந்து.

அங்ஙனமாயின், பழையதைப் பின்பற்றுதல் குற்றமாகுமோ? ஆகாது. புதுவைப் பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபமே கிரேக்க, உரோமானியக் கலையைப் பின்பற்றி 19-ஆம் நூற்றாண்டில் எழுந்ததன்றோ! கடற்கரையிலிருந்த பழைய நகர்மன்றக் கட்டடம் 2014-இல் மழையின்போது இடிந்து வீழ்ந்தது. அதே தோற்றத்தில் அதனை மீண்டும் எழுப்பி 2021-இல் திறந்தனர். நகரின் நினைவைக் காக்க அதுவும் ஒரு வழியே.

ஆயினும், பழைய அழகைப் போற்றுவோர் அது தோன்றிய காரணத்தையும் அறிதல் வேண்டும். புதுமனையில் திண்ணை அமைத்து, அதன்முன் இரும்புக் கம்பியழி பூட்டி வைத்தால், அங்கே திண்ணையின் உருவம் இருக்கும். வந்தாரை அமரச் செய்யும் உள்ளம் இராது. வடிவத்தோடு பயனையும் பண்பையும் சேர்த்துக் காப்பதே மரபைப் பேணுதலாகும்.